எண்ணாக மாறும்போது எது விடுபடுகிறது?

(கல்லூரி மாணவர்களுக்கான நிரலாக்கப் பயிலரங்கின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாட்களாகப் பைத்தான் கற்றிருக்கிறீர்கள். நிறைவு நாளில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர்கள் கேட்டார்கள். அதைவிடச் சின்னத் தலைப்பு ஒன்றைத் தாருங்கள் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வகைத் தரவை இன்னொரு வகையாக மாற்றுவது, அதுதான் தலைப்பு. வகுப்பில் டைப் கன்வர்ஷன் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

ஏன் இதை எடுத்தேன் என்றால், உங்களில் பலர் படிப்பு முடிந்து மென்பொருள் நிறுவனத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும், இயக்க வேலையாக ஏதாவது ஒரு பட்டியலைக் கையில் எடுக்கப்போகிறீர்கள். கிராமத்தில் கள ஆய்வு செய்வீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய விவரங்களைக் கணினியில் ஏற்றுவீர்கள். அந்த இடத்தில் நம் உழைப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும் விஷயங்களில் முதலிடம் இந்த வகை மாற்றத்துக்குத்தான்.

அடிப்படையில் இருந்து தொடங்குவோம். கணினியின் நினைவகத்தில் இருப்பவை 0, 1 என்ற இரண்டு நிலைகள் மட்டுமே. 01000001 என்று எட்டு பிட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை முழு எண்ணாகப் படித்தால் 65. எழுத்தாகப் படித்தால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து. பிட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன, அவற்றை எப்படிப் படிப்பது என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. அந்தக் குறிப்பைத்தான் தரவு வகை என்கிறோம். இன்டிஜர் என்றால் முழு எண். ஃபுளோட் என்றால் புள்ளி வைத்த எண். ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் வரிசை. பூலியன் என்றால் ஆம் அல்லது இல்லை.

ஒரு மதிப்பை வைத்து என்ன வேலை செய்யலாம் என்பதை வகைதான் முடிவு செய்கிறது. இரண்டு 5-கள் முழு எண்களாக இருந்தால் கூட்டி 10 என்று வரும். அவை எழுத்துகளாக இருந்தால் கூட்டல் குறி இரண்டையும் ஒட்டி 55 என்று ஆக்கிவிடும். ஒன்று எண், மற்றது எழுத்து என்றால்? பைத்தான் முடியாது என்று நின்றுவிடும், பிழைச் செய்தி காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் நம்மிடம் எதுவும் கேட்காமல் எண்ணை எழுத்தாக்கி 55 என்று தரும். அதே ஜாவாஸ்கிரிப்டில் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தலைப் போட்டால், இந்த முறை எழுத்தை எண்ணாக்கி 0 என்று தரும். சி மொழியில் 3.99 என்ற மதிப்பை முழு எண் மாறிக்குள் போட்டால் 3 மட்டும் உள்ளே போகும். மிச்சம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நாமாகக் கேட்டுச் செய்யும் மாற்றம் ஒன்று, மொழியோ மென்பொருளோ தானாகச் செய்துவிடும் மாற்றம் இன்னொன்று. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், வீட்டில் போய்ச் செய்து பாருங்கள். பைத்தானில் ௧௨ என்று தமிழ் இலக்கங்களில் எழுதி முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று சரியாகத் தரும். யூனிகோடில் தமிழ் இலக்கங்களும் இலக்கங்கள் என்றே பதிவாகியிருக்கின்றன, பைத்தான் அந்தப் பதிவை மதிக்கிறது. ஆனால் பத்துக்கு உரிய ௰ என்ற குறியைப் போட்டுப் பழைய முறையில் ௰௨ என்று எழுதினால் பிழை காட்டும். நம் முன்னோர் பன்னிரண்டை அப்படித்தான் எழுதினார்கள். ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் இரண்டுமே எண் அல்ல என்று சொல்லிவிடும். எது எண், எது எண் இல்லை என்பதைக்கூட எங்கோ ஒரு குழு உட்கார்ந்து விதியாக எழுதி வைத்திருக்கிறது. விதி எழுதியவர் நினைத்துப் பார்த்தது மாறும், நினைத்துப் பார்க்காதது விடுபடும்.

விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். க்ளஸ்டர் என்ற அறிவியல் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு கிளம்பியது. ஏறத்தாழ 40 வினாடிகளில் திசை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

கணிதவியலாளர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஒன்றரை மாதத்தில் அறிக்கை வந்துவிட்டது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து சொல்லும் வழிகாட்டும் கருவியில்தான் கோளாறு. அதன் மென்பொருள், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் புள்ளி எண்ணில் இருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 32,767 வரைதான் கொள்ளும். வந்த மதிப்பு அதைத் தாண்டிவிட்டது. உழக்கில் குடத்துத் தண்ணீரை ஊற்றிய கதை.

அந்த மென்பொருள் ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு எல்லையைத் தாண்ட வாய்ப்பே இல்லை. ஏரியான் 5-இன் பாதை வேறு, தொடக்கத்திலேயே கிடைமட்ட வேகம் அதிகம். மென்பொருள் மட்டும் அப்படியே வந்துவிட்டது. இப்படி வழிந்துவிடக்கூடிய ஏழு மாறிகளை எழுதியவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள் என்கிறது அறிக்கை. நான்கிற்குப் பாதுகாப்பு எழுதினார்கள். கணினியின் வேலைச் சுமையைக் குறிப்பிட்ட அளவுக்குள் வைக்க வேண்டும் என்பதால் மூன்றை அப்படியே விட்டார்கள். விட்ட மூன்றில் ஒன்றுதான் வெடித்தது. மாற்றுக்கு இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள், அதனால் அதே கோளாறு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

நின்ற கருவி, நான் செயலிழந்துவிட்டேன் என்ற பிழைக் குறிப்பை அனுப்பியது. முதன்மைக் கணினி அதைப் பிழைக் குறிப்பாகப் படிக்கவில்லை. பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு, ராக்கெட் பெரிதாகத் திசை மாறிவிட்டதாக நினைத்து, இல்லாத தவறைத் திருத்த முழு வேகத்தில் திரும்பியது. உதவி என்று கத்திய குரலை இன்னொருவர் கட்டளையாக எடுத்துக்கொண்டது போல. முதலில் கொள்ளாத வகைக்குள் ஒரு மதிப்பைத் திணித்தார்கள். அதன் விளைவாக வந்த செய்தி வேறு வகையாக வாசிக்கப்பட்டது. இரண்டுமே வகை சார்ந்த தவறுகள்.

இன்னொரு நிகழ்வில் மனித உயிர்கள் போயின. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் படை முகாமில் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 படைவீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு ஏன் தடுக்கவில்லை? அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி வீதம் முழு எண்ணாக எண்ணியது. கணக்குப் போடும்போது அந்த எண்ணை 0.1 ஆல் பெருக்கி வினாடியாக மாற்றினார்கள். நமக்கு 0.1 என்பது எளிய எண். இரண்டின் அடிமானத்தில் அது முடிவில்லாத எண், நாம் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுதி முடிக்க முடியாதது போல. 24 பிட்டில் வெட்டியபோது மிகச் சிறிய துண்டு விடுபட்டது. இயந்திரம் 100 மணி நேரம் நிற்காமல் ஓடியதில் அந்தத் துண்டு சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு வினாடியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். வானத்தின் தவறான பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது இயந்திரம். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26 ஆம் தேதி.

ராக்கெட்டும் ஏவுகணையும் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது எக்செல். ஆகவே எக்செலுக்கு வருவோம்.

மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் செப்ட்2 என்றும் மார்ச்1 என்றும் பெயர் கொண்டவை இருந்தன. ஆய்வாளர் இதை எக்செலில் உள்ளிட்டால், அது செப்டம்பர் 2 என்றும் மார்ச் 1 என்றும் தேதியாக மாற்றிவிடும். 2004 இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த அறிவியல் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் காட்டியது. கடைசியில், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020 இல் பெயர்களையே மாற்றியது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆயிற்று. செப்ட்2 என்பது செப்டின்2 ஆயிற்று. தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எக்செலில் கொடுத்தது 2023 இல்தான். கால் செருப்புக்குப் பொருந்தவில்லை என்று காலை வெட்டிக்கொண்ட கதைதான்.

உலக விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதி என்றால், நம் ஊர்ப் பட்டியல்கள் என்ன ஆகும்?

எக்செலைத் திறந்து 5/12 என்று அடித்து என்டர் தட்டுங்கள். இந்திய அமைப்பில் உள்ள கணினி என்றால் அதை டிசம்பர் 5 என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி என்றால் மே 12. உள்ளே அது சேமித்துவைப்பது தேதியைக்கூட அல்ல, ஒரு வரிசை எண்ணை. 2024 டிசம்பர் 5 என்றால் 45631. நீங்கள் அடித்த 5/12 என்ற எழுத்துகள் கோப்பில் எங்கும் இருக்காது. கட்டத்தின் வகையைப் பிறகு எழுத்து என்று மாற்றினால் 45631 என்ற எண்தான் வெளியே வரும்.

5/12 என்று நாம் எதை எழுதுவோம்? வீட்டுக் கதவு எண்ணை எழுதுவோம். அதைவிட முக்கியமாக, நிலத்தின் புல எண்ணை எழுதுவோம். சர்வே எண் 5, உட்பிரிவு 12.

இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களில் சிலர் பஞ்சமி நிலங்கள் பற்றிய விவரங்களைச் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. சென்னை மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரை நாம் இழந்தோம்.

இந்த வேலையில் கணினி எங்கே வருகிறது? பழைய பதிவேட்டில் பஞ்சமி என்று குறித்த புல எண்கள் ஒரு பட்டியல். இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொரு பட்டியல். இரண்டையும் புல எண்ணை வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். பைத்தானில் இரண்டு அட்டவணைகளை இணைப்பது எப்படி என்று நேற்றுப் படித்தீர்களே, அதேதான். ஒரு பட்டியலில் 5/12 என்ற எழுத்து இருக்கிறது. இன்னொன்று யாரோ எக்செலில் திறந்து மூடிய கோப்பு, அதில் தேதி இருக்கிறது. இரண்டும் பொருந்தாது. நிரல் பிழை எதுவும் காட்டாது. பொருந்தாத வரியை ஓசைப்படாமல் கீழே போட்டுவிட்டு, பொருந்தியவற்றை மட்டும் அழகாகக் கொடுக்கும். அந்தத் துண்டு நிலம் உங்கள் அறிக்கையில் வராது. வராதது உங்களுக்கே தெரியாது.

என் ஆய்வுக்காக ஓர் அலுவலகத்தில் வாங்கிய நிலப் பட்டியலில் இப்படிப்பட்ட தேதிகளைப் பார்த்தேன். அதில் எல்லாப் புல எண்களும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் சிக்கல். 120/3 என்பது எந்த மாதமும் எந்த நாளும் ஆக முடியாது, அதனால் தப்பித்துவிடும். 5/12 டிசம்பர் ஆகிவிடும். 3/45 என்பது மார்ச் மாதத் தேதி ஆகிவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி எழுத்து, பாதி தேதி. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் சரியாகவே தெரியும்.

தேதியைத் திரும்ப எண்ணாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் 5/12 என்று ஏற்றினால் அது மே 12 ஆகிறது. கோப்பு நம் கணினிக்கு வருகிறது. மே 12 என்பதைப் பார்த்து நாம் என்ன எழுதுவோம்? நம் வழக்கப்படி 12/5 என்று எழுதுவோம். ஐந்தாம் புலத்தின் பன்னிரண்டாம் உட்பிரிவு, பன்னிரண்டாம் புலத்தின் ஐந்தாம் உட்பிரிவாகிவிட்டது. வேறு நிலம், வேறு சொந்தக்காரர். இதை வைத்து மனுக் கொடுத்தால், தோழர்களுக்குப் புல எண்ணே தெரியவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்ய எதிர்த்தரப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

கணக்கு எண்களிலும் இதே கதை. முன்னால் 0 வைத்த எண்ணை எக்செலில் அடித்தால் 0 போய்விடும். ஆதார் போல 12 இலக்கம் உள்ள எண்ணை அடித்தால் 1.23457E+11 என்பது போன்ற சுருக்க வடிவில் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் காட்டிய வடிவம்தான் கோப்புக்குள் போகும், மற்ற இலக்கங்கள் போயே போயின. 16 இலக்கம் உள்ள வங்கிக் கணக்கு எண் என்றால், எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கல்வி உதவித்தொகைக்குக் காத்திருக்கும் மாணவருக்கு அந்த ஓர் இலக்கம்தான் பணம். பணம் வராவிட்டால் கல்லூரிக்கும் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அலையப்போவது அவர்தான், அந்தக் கோப்பைச் சேமித்தவர் அலையப்போவதில்லை.

இதில் இருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்க்கத் தேவையில்லாதது எண் இல்லை. இரண்டு ஆதார் எண்களைக் கூட்டி யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. தொலைபேசி எண்களின் சராசரியை யாரும் கேட்பதில்லை. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள் அவை. அவற்றை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள்.

அடுத்து, வெற்றிடம். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

கணக்கெடுப்பில் ஐந்து குடும்பங்களிடம் மாத வருமானம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 9000, 12000, 10000, 9000 என்று சொன்னார்கள். ஒருவர் சொல்ல விரும்பவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது. நால்வரின் சராசரி 10,000. காலிக் கட்டத்தை எண்ணாக மாற்றும்போது அது 0 ஆகிவிட்டால் ஐவரின் சராசரி 8,000. சொல்ல மாட்டேன் என்றவரை வருமானமே இல்லாதவர் ஆக்கிவிட்டோம். ஜாவாஸ்கிரிப்டில் காலி எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் 0 என்றே தரும். பைத்தான் பிழை காட்டி நிற்கும். பைத்தான் தொல்லை தருகிறது என்று தொடக்கத்தில் அலுத்துக்கொள்வீர்கள். அந்தத் தொல்லையால்தான் நீங்கள் அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை நினைத்துப் பார்க்கிறீர்கள். தரவுத்தளங்களில் நல் என்று ஒரு மதிப்பு வைத்திருப்பது இதற்குத்தான். தெரியாது என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு.

ஆம், இல்லை என்று மாற்றுவதில் இன்னும் கவனம் வேண்டும். பைத்தானில் காலியாக இல்லாத எந்த எழுத்துச் சரத்தைப் பூலியனாக மாற்றினாலும் ஆம் என்றுதான் வரும். இல்லை என்ற சொல்லைக் கொடுத்தாலும் ஆம் என்றே சொல்லும், ஏனென்றால் அந்தச் சரம் காலியாக இல்லை. படிவத்தில் இருந்து வரும் பதில்களை நேராக மாற்றினால் ஊர் முழுக்க ஆம் ஆகிவிடும். இதையாவது சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். திருத்த முடியாத மாற்றம் நிரலுக்கு முன்பே, படிவத்திலேயே நடந்துவிடுகிறது.

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருக்கிறதா என்று ஆய்வுப் படிவத்தில் கேட்கிறோம். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கடையில் ஊர்த்தெருக்காரருக்குக் கண்ணாடிக் கிளாஸ், சேரியில் இருந்து வருபவருக்குத் தூக்கிப்போடும் பேப்பர் கப். குவளை ஒன்றுதானே இருக்கிறது என்று கேட்டால், எழுத்துப்படி ஆமாம். கணக்கெடுப்பவர் இல்லை என்று குறித்துவிட்டு வருகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே நின்று பார்த்ததை நான்கு வரியில் எழுதியிருந்தால் தீண்டாமை புது உருவம் எடுத்திருப்பது தெரிந்திருக்கும். ஒரு பிட்டுக்குள் அதைச் சுருக்கியபோது தீண்டாமை ஒழிந்த ஊர் என்று பதிவாகிவிட்டது. வரைபடத்தில் அந்த ஊர் பச்சை நிறத்தில் வரும்.

எனம் என்று ஒரு வகை உண்டு. முன்பே எழுதிவைத்த சில பிரிவுகளில் ஒன்றை மட்டும்தான் அது ஏற்கும். ஒரு பிரிவுப் பட்டியலை இன்னொரு பிரிவுப் பட்டியலாக மாற்றுவதும் வகை மாற்றம்தான். 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறங்கி 340 பேர் இறந்தார்கள் என்று 2021 பிப்ரவரியில் மக்களவையில் ஒன்றிய அரசு சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளுவதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்றது. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவதற்கு ஒரு வரையறை, பாதுகாப்பின்றிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதற்கு இன்னொரு வரையறை. மரணங்கள் எல்லாம் இரண்டாவது கட்டத்தில் போய் விழுந்தன, முதல் கட்டத்தில் பூஜ்யம். இறந்தவர்கள் அதே மனிதர்கள். அடுத்த நாள் தலைப்புச் செய்திக்கு எந்தக் கட்டம் போகும் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. இது எந்த நிரலும் செய்த வேலை இல்லை. ஆனால் நாளை உங்கள் நிரலுக்குள் வரப்போகும் தரவு இப்படிப் பிரித்து எழுதப்பட்டதாகத்தான் இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்தால், எந்த வகையில் இருந்து எந்த வகைக்கு மாற்றியதால் இது வந்தது என்று கேளுங்கள்.

நம் பெயர்களுக்கும் இது நடக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பின் நம்மில் பலருக்கு இருப்பது தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் மட்டும். வெளிநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா வாங்கினால், உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, உங்கள் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று அட்டவணையை வடிவமைத்தவர் எடுத்துக்கொண்ட முடிவு அது. சாதியைத் துறந்தவரின் பெயர் அந்தக் கட்டத்துக்குள் மாறும்போது தெரியாத பெயராகிவிடுகிறது.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்றாமல் நிரல் எழுத முடியாது. படிவத்தில் வருவது எல்லாமே எழுத்து, கணக்குப் போட எண் வேண்டும். நான் சொல்வது, மாற்றத்தை நீங்கள் செய்யுங்கள், அது தானாக நடக்க விடாதீர்கள் என்பது. அதற்கு ஐந்து பழக்கங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வந்த கோப்பை அப்படியே ஒரு படி எடுத்து வைத்துவிடுங்கள். அதைத் திறந்து சேமிக்காதீர்கள். மாற்றியதைப் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள், மூல நெடுவரிசை பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரண்டு, கோப்பைப் படிக்கும்போது எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே படியுங்கள். பாண்டாஸ் பயன்படுத்துபவர்கள் வகையை எழுத்துச் சரம் என்று சொல்லிப் படிக்கலாம். எக்செலில் உள்ளிடும் முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு, எண்ணாக வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மூன்று, போன வழியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எழுத்தை எண்ணாக்கி, அந்த எண்ணை மீண்டும் எழுத்தாக்குங்கள். முதலில் இருந்ததே வந்தால் நல்லது. 007 என்று போனது 7 என்று திரும்பினால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

நான்கு, மாற முடியாதவற்றை எண்ணுங்கள். 400 வரி உள்ளே போனது, 391 வரி வெளியே வந்தது என்றால் அந்த 9 வரியையும் திறந்து கண்ணால் படியுங்கள். பிழைச் செய்தியை மூடி மறைக்கும் நிரல் எழுதாதீர்கள். நம் மக்களின் பட்டியலில் விதிவிலக்காக நிற்கும் அந்த 9 வரிகளில்தான் பெரும்பாலும் நாம் தேடிப்போன செய்தி இருக்கும்.

ஐந்து, தெரியவில்லை, சொல்லவில்லை, பொருந்தாது, இல்லை என்ற நான்கிற்கும் தனித்தனி இடம் கொடுங்கள். படிவத்தில் ஆம், இல்லை கட்டங்களுக்குக் கீழே பார்த்ததை எழுத இரண்டு வரி விடுங்கள். அந்த இரண்டு வரியைக் கணினியால் கூட்ட முடியாது. பரவாயில்லை, நாம் படிப்போம்.

ஏரியான் 5-இன் மென்பொருளை எழுதியவர்கள் திறமையற்றவர்கள் இல்லை. எந்த மூன்று மாறிகளைப் பாதுகாப்பின்றி விடலாம் என்று பேசி, ஆராய்ந்து முடிவெடுத்தார்கள். அந்த முடிவு எந்த ராக்கெட்டுக்காக எடுக்கப்பட்டது என்பது அடுத்த ராக்கெட்டுக்குப் போகும்போது மறந்துபோனது. ஆகவே நீங்கள் ஒரு மாற்றம் செய்யும்போது, எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறக்கும் தோழருக்கு அது உதவும்.

இப்போது மடிக்கணினிகளைத் திறங்கள். உங்களிடம் இருக்கும் பட்டியல்களில் புல எண்ணோ கதவு எண்ணோ உள்ள நெடுவரிசையை எடுத்து, அதில் தேதிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். கிடைத்ததை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் பேசுவோம்.